கைகூப்ப முடியாத தபசு காலம்

இதை எழுத எட்டு வருடம் தயங்கினேன். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனையைப் பாதியில் விட்டவன் நான். அப்படிப்பட்டவன் சாட்சி சொல்லலாமா என்ற பயம்தான்.

எழுபதுகளின் கடைசி. ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த வருடம் தை மாதமே வலது மணிக்கட்டில் வலி தொடங்கியது. பிறகு இரண்டு கையிலும் விரல்கள் மரத்தன. தண்ணீர் டம்ளர் நழுவியது. சட்டைப் பொத்தானை என் மனைவி செல்வமேரிதான் போட்டுவிடுவாள்.

“இன்னாங்க, கண்ணாலத்தன்னிக்குக் கூட இப்டி அடக்கமா நின்னதில்ல நீங்க” என்று சிரிப்பாள். உடனே திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

தலைமை எழுத்தர் சிரிக்கவில்லை. “இன்னாய்யா, கையில மருதாணி வெச்சிக்கினு வந்தியா? ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரமா? இப்டியே போனா வேற ஆளப் பாத்துக்குவோம்” என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். கை குணமாக வேண்டும் என்று, பாஸ்குவுக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் மாதா மன்றாட்டைத் தட்டச்சு செய்து கோயிலுக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை வைத்தேன். வேலை முடிந்ததும் அதே மெஷினில் உட்காருவேன். ஐந்து கார்பன் வைத்தால், கடைசித் தாளில் எழுத்து விழ ஒவ்வொரு விசையையும் குத்த வேண்டும். வலிக்க வலிக்க அடித்தேன். வலிதான் காணிக்கை என்று நினைத்தேன். கை வீங்கியது. என் விசுவாசம் போதவில்லை என்று இன்னும் அடித்தேன்.

இருபத்தாறாம் நாள், எங்கள் பங்குக் கோயிலில் முழங்காலில் நின்றேன். இரண்டு உள்ளங்கையும் சேரவில்லை. மணிக்கட்டு மடங்கவில்லை. கும்பிட முடியாத கை எதற்கு, வெட்டிப் போட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக. கைகளைத் தொங்கவிட்டபடி, “அம்மா, என்னால முடியல” என்று அழுதேன். வேறு ஜெபம் வரவில்லை.

பங்குச் சாமியார் அருகில் வந்து விசாரித்தார். எல்லாம் சொன்னேன்.

“மாதா உன் கையக் கேட்டாங்களாப்பா? அந்தப் பொருத்தனைய வுட்டுடு. தினம் ஒரு ஜெபமால சொல்லு, போதும்” என்றார். பக்கத்து மருந்தகத்துச் சிஸ்டரிடம் அவரே அழைத்துப் போனார்.

சிஸ்டர் மருந்தை எடுக்கவில்லை. “எப்டி உக்காந்து அடிக்கிறீங்க, காட்டுங்க” என்றார். காட்டினேன். “மேசை இவ்ளோ ஒசரமா? மணிக்கட்டு மடங்கிக்கினு நிக்குதே. நோவாம இன்னா பண்ணும்?”

கைகளுக்குப் பட்டை கட்டினார். மூன்று வாரம் தட்டச்சு கூடாது என்றார். செல்வமேரி போய்க் கெஞ்சியதில், தலைமை எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே என்னைத் தபால் பிரிக்க வைத்தார். பிறகு மெஷினைத் தாழ்ந்த ஸ்டூலுக்கு மாற்றினேன். முழங்கையும் மணிக்கட்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார்ந்தேன். பக்கத்துக்கு ஒரு முறை கையை மடியில் போட்டு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வேன். அதுவே ஓய்வு, அதுவே ஜெபம். வேலை நிலைத்தது. மாதாவுக்குக் கோடி நன்றி.

டைப் அடிக்கிறவர்களே, பீடி சுற்றுகிறவர்களே, முதல் வலியிலேயே மாதாவிடம் சொல்லுங்கள். வைத்தியம் தெரிந்தவரிடமும் காட்டுங்கள். வலியைக் காணிக்கை என்று மூடி வைக்காதீர்கள்.

இதைப் பிறருக்குச் சொல்லும்போது உள்ளபடியே சொல்லுங்கள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு அன்று காலையில் குணமானது என்று யாரும் சேர்க்க வேண்டாம். நான்கு மாதம் ஆனது. மலைக்குளிரில் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. அதையும் விடாமல் சொல்லுங்கள்.