அம்மாவின் அறைக்கு மட்டும் வலை இல்லை

அம்மாவின் அறையில் மட்டும்தான் சுவர் வெடித்தது. கூடத்தில் இல்லை, என் அறையில் இல்லை, சமையலறையில் கூட ஒரு கீறல் கிடையாது. பின்பக்கத்துச் சின்ன அறையில், மேலே பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. அதைப் பார்த்ததும் நான் யோசித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் முதலில் வரும். புத்தி அடுத்த பஸ்ஸில் வரும்.

புவனகிரியில் நாங்கள் வீடு கட்டியபோது வேலையை எடுத்துச் செய்தவர் என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கடலூர் முதுநகரில் மேஸ்திரி. நான் தினமும் கடலூருக்கு ஆபீஸ் போய் வருகிறவள். பகலில் வேலையாட்களோடு நின்றது அம்மாதான். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, சேரும் இடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூசினால் பூச்சு பிளந்துவிடும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். ஒரு சனிக்கிழமை சிதம்பரம் போய், துத்தநாகம் பூசிய கோழி வலையாகப் பார்த்து வாங்கினேன். துரு ஏறாதே என்று கடைக்காரரை இரண்டு தடவை கேட்டேன். சுருளைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் கண்டக்டரோடு ஒரு சண்டை.

மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். "என்னா பாப்பா, கோழிப் பண்ண வெக்கப் போறியா?"

"ஜாயின்ட் எல்லாத்துலயும் அடிக்கணும் மாமா. ஒரு எடம் கூட விடக்கூடாது."

"அடிச்சுட்டாப் போச்சு."

கூடத்தில் அடித்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலையை விறைப்பாக இழுத்து, பீமில் அரையடி, சுவரில் அரையடி வருகிற மாதிரி ஆணி அடித்து, தண்ணீர் தெளித்துப் பூசினார்கள். பின்அறையைப் பூசிய அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்தபோது தோட்டத்தில் கீரைப்பாத்தியைச் சுற்றிப் புதிதாக ஒரு வேலி நின்றது. அதே வலை. மிச்சம் ஆனது என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

குடிபோன இரண்டாவது கோடையில் அந்தக் கோடு வந்தது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டிப் பார்த்தேன். உள்ளே வெறும் செங்கல். கம்பியின் வாசனையே இல்லை. அங்கே நின்றபடியே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"வேலியே பயிர மேஞ்ச கதையா இருக்கு மாமா. சொந்த அக்கா ரூமுலயே வேலையக் கொறச்சிருக்கீங்க."

"தப்புதான் பாப்பா. வந்து சரி பண்ணித் தரேன்" என்றார்.

மறுத்திருந்தால் கூட ஆறியிருப்பேன். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்றால், மழை போகட்டும், பொங்கல் போகட்டும் என்று அம்மா தள்ளிக்கொண்டே வந்தாள். மாமா மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போனாள். அன்றைக்காவது அவள் வாயைத் திறந்திருக்கலாம்.

இந்த வருஷம் மழை விட்டபின் ஒரு காலை, கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் தோளில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. முறம் அளவுக்கு ஒரு பாளம். எலும்பு தப்பித்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிட்டு, நேராக முதுநகர் போனேன். தெருவே கேட்கக் கத்தினேன். கொல்லப் பார்த்தீர்களா என்று கூடக் கேட்டுவிட்டேன். மாமா தலை நிமிரவில்லை. அத்தைதான் உள்ளேயிருந்து வந்தார்.

"போதும், நிறுத்து பாப்பா. ஒங்கம்மாதான் வேணாம்னாங்க. பின்னாடி ரூமுக்கு எதுக்குடா கம்பி, பக்கத்து வூட்டுக் கோழி பாத்தியக் கிளறுது, அதச் சுத்திக் கட்டிக் குடுன்னாங்க. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒந் தலமேல சத்தியம் வாங்கிட்டாங்க. இந்த மனுசன் இன்னிவரைக்கும் வாயத் தெறக்கல."

"ஒந் தலமேல பண்ணுன சத்தியம் பாப்பா" என்றார் மாமா. "மீறுனா ஒனக்கில்ல ஆவும்?"

"மேஸ்திரி நீங்களா, அவங்களா?" என்று அப்போதும் கத்தத்தான் தெரிந்தது எனக்கு. அப்புறம் அழுதேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும்தான். ஒரு கல்யாணம் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

"நான் இன்னும் எத்தினி நாளு இருக்கப் போறேன்? எனக்குப் போயி கம்பியும் கிம்பியும். கீர இருந்தா ஒன் டிபன் பாக்ஸுக்கு ஆவும்."

பிய்ந்த தோசை அவளுக்கு, அடிச்சட்டிக் குழம்பு அவளுக்கு, நான் கட்டிச் சலித்த புடவை அவளுக்கு. யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. அந்தப் பின்அறைக்கு ஜன்னல் கூட ஒன்றுதான். அந்த அறையை அம்மாவுக்கு என்று பிளானில் காட்டியவள் நான். மாமாவைத் திட்டிய அத்தனை வார்த்தைகளிலும் பாதியாவது எனக்குச் சேர வேண்டியவை.

அடுத்த வாரம் மாமா புது வலையோடு வந்தார். அந்த வெடித்த சுவரைக் கொத்தத் தொடங்கியதும் வீடெல்லாம் தூசி. பகல் சாப்பாடு முடிந்ததும் அம்மாவை என் அறையில் படுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், கட்டிலுக்குக் கீழே பாயில் கிடக்கிறாள்.

"கட்டில்ல படும்மா."

"மேலெல்லாம் தூசி. ஒன் பெட்ஷீட்டு அழுக்காவும்."

அடிபடாத கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, காலை மடக்கி, முக்கால் கட்டிலை விட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

"நடுவுல படு!" என்று கத்தினேன். பக்கத்து அறையில் கொத்துகிற சத்தம் நின்றது.

"கத்தாத" என்றாள் அம்மா. "நீ வந்து படுத்தா ஒனக்கு எடம் வேணுமில்ல?"