ஒரு மெசின் மட்டும் ஓடட்டும்

இதை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சனிக்கிழமையிலிருந்து சந்தையில், சலூனில், பஸ் நிலையத்தில் கண்டவர்களை எல்லாம் மறித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவியின் பெருமையை நானே சொல்வது அழகில்லைத்தான். அழகு கிடக்கட்டும்.

சுபாஜினிக்குச் சம்பளம் இல்லாத உத்தியோகம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய வீடுகளுக்கு அவள் போவாள். யாரும் அவளை அனுப்புவதில்லை. கிளினிக்கில் எங்கள் மகன் லக்ஷனோடு வரிசையில் இருக்கும்போது, ஒரு தாய் கடதாசியும் கையுமாக வெளியே வந்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றால் போதும். இவள் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நிற்பாள். அடுத்த கிழமை அந்த வீட்டுப் படலையில் நிற்பாள். ஏற்றிக்கொண்டு போகிற சாரதி நான்.

போன வீட்டில் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் முதலில் வளவைச் சுற்றி வருவாள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, பக்கத்து வளவுக் கிணறு எப்படி, வேலியில் பொட்டு எங்கே என்று பார்ப்பாள். பொட்டு என்பது அயலவர் போய்வர நாங்கள் வேலியில் விடுகிற ஆள் நுழையும் இடைவெளி. கறியும் கதையும் அதனூடாகத்தான் போய்வரும். காணி வாங்க வந்த ஆள் மாதிரி நிற்கிறீர் என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் சிரிக்கமாட்டாள். லக்ஷன் நாலு வயதில் ஒருநாள் எங்கள் கிணற்றுக் கட்டில் ஏறியிருந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியவன். பின்னால் போய்த் தூக்கியவன் நான். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர், அதிலுள்ள ஆபத்து மட்டும் தெரியாது.

நீர்வேலியில் வாகீசன் என்றொரு பெடியன். வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் வீடு. மனைவி கோபிகா, மகன் ஆரூரனுக்கு நாலு வயது. வைத்தியர் சொன்ன மறுநாளே வாகீசன் வேலியிலிருந்த பொட்டுகளையெல்லாம் தகரம் வைத்து அடைத்தான். படலைக்குப் பூட்டுப் போட்டான். பிள்ளைக்குத் தொண்டையில் சின்னப் பிரச்சினை, அதுதான் பேச்சுப் பிந்துகிறது என்று ஊருக்குச் சொன்னான். நாலு மாதமாகப் பிள்ளை வீட்டு முன்னால் போகிற ஒழுங்கையைக்கூடக் காணவில்லை.

அயலுக்குச் சொல்லி வையும், பிள்ளை ஒருநாள் வெளிக்கிட்டால் அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று சுபாஜினி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவன் அசையவில்லை. "அக்கா, நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ. ஊருக்குச் சொல்லச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். பின்னால் இருந்தவள், லக்ஷனுக்குக் காது மந்தம் என்று இரண்டு வருடம் ஊருக்குக் கதை விட்ட மனிசன் யார் என்று கேட்டாள். அந்த மனிசன் நான்தான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கோபிகாவின் அழைப்பு வந்தது. பிள்ளையைக் காணவில்லை. தகரத்தின் கீழ் மூலையை வளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். லக்ஷனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புத்தூரிலிருந்து பறந்தோம். சந்தியில் ஒரு லொறிக்காரன் என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தையால் ஏசினான். ஏசட்டும், அவன் பிழையில்லை.

அங்கே முப்பது பேர் வாழைக்குள் இறங்கி நின்று "ஆரூரா, ஆரூரா" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நல்ல சனம். ஆனால் இந்தப் பிள்ளை பெயர் சொன்னால் திரும்பாது என்றோ, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் உள்ளே ஓடும் என்றோ அவர்களுக்கு யார் சொன்னது? அந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பலதுக்குக் கட்டே கிடையாது. நிலத்தோடு நிலமாகத் திறந்து கிடக்கும். ஒருவர் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் குனிகிற ஒவ்வொரு முறையும் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுபாஜினி கத்தவில்லை. வரம்பில் நின்று காது கொடுத்தாள். நாலு பக்கமும் கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற மெசின் நாலு ஓடிக்கொண்டிருந்தது. மெசின் சத்தம் கேட்டால் வீட்டில் பிள்ளை என்ன செய்வான் என்று கோபிகாவிடம் கேட்டாள். வேலியோடு போய் ஒட்டிக்கொண்டு நிற்பான், தண்ணீர் தொட்டியில் விழும்போது சிரிப்பான் என்றாள் அவள்.

"தம்பி, அவன் தண்ணியைத் தேடித்தான் போயிருக்கிறான். நாலு பக்கத்தாலையும் சத்தம் வருது, எங்கை போறதெண்டு தெரியாமல் திரியிறான். கத்துறதை நிப்பாட்டச் சொல்லும். ஒரு மெசின் மட்டும் ஓடட்டும்" என்றாள் வாகீசனிடம்.

சொல்வது சுலபம். அவையெல்லாம் பலர் முறை வைத்து இறைக்கிற பங்குக் கிணறுகள். இன்று முறையை விட்டால் அடுத்த முறைக்கு ஐந்து நாள், வெயிலோ நெருப்பு. காரணம் சொல்லாமல் யார் நிறுத்துவார்கள்? சுபாஜினி வாகீசன் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லட்டோ, நீர் சொல்லுறீரோ? நேரம் இல்லை."

அவன் பக்கத்துக் கிணற்றுத் தொட்டியின் கட்டில் ஏறினான்.

"என்ரை பிள்ளைக்கு ஓட்டிசம்" என்றான். "கூப்பிட்டால் வரமாட்டான். கத்தினால் ஒளிப்பான். நான் உங்கள் எல்லாருக்கும் பொய் சொல்லிப்போட்டன். கும்பிட்டுக் கேக்கிறன், மெசினுகளை நிப்பாட்டுங்கோ."

அந்தக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த பரமலிங்கத்தார்தான் முதலில் அசைந்தார். இறைப்பு முறையில் பத்து நிமிடம் பிந்தினாலும் மண்வெட்டியோடு சண்டைக்கு வருகிற மனிதர். இந்தக் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறது, தொட்டியும் நிறைந்து வழிகிறது, தன்னுடையது ஓடட்டும், மற்றதெல்லாம் நிற்கட்டும் என்றார். பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திறந்த கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காவலுக்குப் போய் நின்றார். ஒரு மெசின் நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது இருமி இருமி நின்றது. கத்துவதையும் எல்லாரும் நிறுத்தினார்கள்.

ஒரே ஒரு மெசின் ஓடியது. நான் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் போனது, பத்தும் போனது. கோபிகா என் மனைவியின் தோளைப் பிடித்திருந்த இடம் அடுத்த நாள் கன்றிப் போயிருந்தது.

அப்போது ஒரு வாழை இலை ஆடியது. காற்றே இல்லை!

வந்துவிட்டான். மேலில் சட்டை இல்லை, முழங்கால் வரை சேறு, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே தொட்டிக்கு நடந்தான், தண்ணீர் விழுகிற இடத்தில் இரண்டு கையையும் நீட்டினான், கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். ஐயோ, எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. கத்த முடியாதே! முப்பது பேரும் சத்தமில்லாமல் துள்ளினோம். சத்தம் வராமல் கை தட்டினோம். ஒருவன் சந்தோஷத்தில் விசிலடிக்கப் போய்ப் பக்கத்தில் நின்றவரிடம் முழங்கையால் இடி வாங்கினான். நான் முன்பின் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்து அழுதேன், அவரும் அழுதார்.

வாகீசன் ஓடப் பார்த்தான். நடந்து போகச் சொல்லிச் சுபாஜினி கையால் காட்டினாள். அவன் மெல்லப் போய்ச் சேற்றுக்குள்ளேயே மகனுக்குப் பக்கத்தில் இருந்தான். பிள்ளை திரும்பிப் பார்க்காமலே தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தான். அப்படியே இரண்டு பேரும் இருந்தார்கள்.

பரமலிங்கத்தார் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்.

"நாளைக்கு என்ரை முறை இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் தொட்டிக்கு விடலாம், ஆரும் ஒண்டும் சொல்லாயினம். எத்தினை மணிக்கு மெசினைப் போட?"

வாகீசன் மகனைப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தான்.

"நாலு மணிக்குப் போடுங்கோ, அண்ணை. நான் ஒழுங்கையாலை நடத்திக் கூட்டிக்கொண்டு வாறன்."