துரைசானியின் முடிச்சு

எங்கள் வீட்டில் ஒரு பேய் இருந்தது. அதற்குத் தையல் தெரியும், ஆனால் அரைகுறை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடத்து மார்கழியில், மலைமேல் நாயுடுபுரத்தில், அதனோடு ஒரே கூரையின் கீழ் குடியிருந்தேன்.

எங்கள் முன்னறையில் அத்தை பெண்பிள்ளைகளுக்கு எம்ப்ராய்டரி வகுப்பு நடத்தினாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மிஷன் பங்களாவிலிருந்து துணியும் நூலும் வரும். பிள்ளைகள் தைக்கும் கைக்குட்டைகளும் தலையணை உறைகளும் கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் போகும். எந்தப் புதுப்பிள்ளை வந்தாலும் அத்தை முதலில் கொடுப்பது வெள்ளைத் துணியும் வெள்ளை நூலும்தான். வெள்ளையின் மேல் வெள்ளையைத் தைத்தால் என்ன தெரியும் என்று பிள்ளைகள் முனகுவார்கள்.

“கண்ணு ஏமாத்தும்டி. வெரலால பாருங்க” என்பாள் அத்தை.

தைத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தபடி, துணியின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவாள். எங்கே ஒரு சங்கிலித் தையல் விட்டுப்போயிருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. அவள் துணியைப் பார்ப்பதே இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

அம்மா அந்த அறைக்குள் வகுப்பு நேரத்தில் காலெடுத்து வைக்கமாட்டாள். அம்மா பள்ளங்கிக்காரி, பூண்டு விளைகிற மலைக்கிராமம் அது. கல்யாணமாகி வந்த புதிதில், “நானும் கத்துக்கிடட்டுமா மதினி?” என்று ஆசையாகக் கேட்டாளாம். அத்தை அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பூண்டு உரிச்ச கை. நூலு சிக்கும்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாளாம். அதன்பிறகு சோறு, வெந்நீர், விறகு, இந்த மூன்றையும் தாண்டி அத்தையிடம் அம்மாவுக்குப் பேச்சில்லை. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். வகுப்பு நடக்கும்போது அந்தப் பக்கம் உட்கார்ந்து, பிறந்த வீட்டிலிருந்து மூட்டையாக வரும் மலைப்பூண்டை உதிர்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் வேதப்புத்தகம்கூடப் பூண்டு மணக்கும்.

பேயை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. வகுப்பில் அவள்தான் மூத்தவள். கதை சொல்வதில் அவளுக்கு இருந்த திறமை தையலில் இருந்ததில்லை. அத்தையிடம் கொக்கு மூக்குபோல நீண்ட ஒரு சின்னக் கத்தரி இருந்தது. பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்தது. அதன் சொந்தக்காரி அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி என்றும், ஒரு பூவைப் பாதியில் விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சலில் செத்துப்போனாள் என்றும், மிச்சப் பூவைத் தைக்க அவள் அத்தையின் கைக்குள் புகுந்துவிட்டாள் என்றும் அக்கா என் காதில் ஓதினாள்.

“இல்லன்னா பாக்காம எப்பிடிடி தைப்பாக?” என்றாள்.

அந்த வருடம் மிஷனுக்குப் புது வெள்ளைக்கார மதாம்மா வந்திருந்தாள். அவளுக்கு வெள்ளை அலுத்துப்போயிற்று. சிவப்புப் பூவும் பச்சை இலையுமாக ஒரு பெரிய மேஜைவிரிப்பு வேண்டும், அத்தையே தைக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு இனிமேல் துணி கொடுப்பதா இல்லையா என்று சொல்லுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது அத்தை அப்பாவிடம், “கிளாஸு போச்சுன்னா நான் திண்டுக்கல் ஆதரவில்லாதவுக ஹோமுக்குப் போயிருவேன்டா. மூலையில குந்தி சோறு திங்கிறது என்னால ஆகாது” என்றாள். அம்மா அத்தைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஊசி கோத்துக்கொடுப்பது என் சோலி. ஆறு இழை நூலில் இரண்டு இழை பிரித்துக் கோத்து, சிவப்பை ஊசி மெத்தையின் வலப்பக்கமும் பச்சையை இடப்பக்கமும் குத்திவைக்க வேண்டும். அது அத்தையின் சட்டம். ஆனால் தைத்துப் பாதியில் வைக்கும் ஊசி சில சமயம் பக்கம் மாறிவிடும். மேகம் இறங்கி அறை மங்கிப்போன ஒரு சாயங்காலம், சிவப்புப் பூவில் ஒரு இதழ் பச்சையாக இருப்பதைக் கண்டேன். அத்தை அதைத் தடவி, திருப்தியாகத் தலையாட்டி, மடித்து வைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தையிடம் தப்பு கண்டுபிடிக்கிற துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் அந்த இதழ் சிவப்பாக இருந்தது.

நூல் பிசிறு பிசிறாக எழும்பியிருந்தது. பின்பக்கம் திருப்பினால் மிளகளவு ஒரு முடிச்சு. அத்தையின் தையலில் முடிச்சே இருக்காது. முடிச்சுப் போடுகிற பிள்ளையின் துணியை அவள் தூக்கி எறிந்துவிடுவாள். பிறகு ஒரு பச்சைக் காம்பு, ஒரு சிவப்பு இலை என்று எது தப்பினாலும் விடிவதற்குள் சரியாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முடிச்சு. ஒருதரம் தடவி மடித்த பூவை அத்தை மறுபடி தொடுவதில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கதை சொன்னவளே பயந்துவிட்டால் கேட்டவள் கதி என்ன ஆகும்!

ஒருநாள் வெள்ளனே எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மாவைக் காணோம். படுத்திருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது. முன்னறையில் கத்தரி நறுக், நறுக் என்று கேட்டது. எழுந்துபோய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சிம்னி விளக்கின் மங்கலில், தலையோடு வெள்ளைப் போர்வை சுற்றிய ஓர் உருவம் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தது. கொக்கு மூக்குக் கத்தரி போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிற்று. உருவம் ஊசியைக் குத்தும்போதெல்லாம் ‘ஸ்’ என்று மூச்சை இழுத்தது.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அவள் போர்வையை இது போர்த்திக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓடிவந்து கம்பளிக்குள் புகுந்து பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து படுத்தார்கள். ஐஸ் மாதிரி ஒரு கை என் கன்னத்தில் பட்டது. “இன்னும் விடியல, தூங்கு” என்றது அம்மாவின் குரல். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். குரலை நம்புவதா கையை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் பார்த்தால் அம்மாவின் விரல் நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம் கட்டியிருந்தது. துரைசானி கடித்துவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டு அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். சொல்லப் பயமாக இருந்தது.

மதாம்மா வந்தாள். முன்னறையில் நாங்கள் வரிசையாக நின்றோம். விரிப்பின் முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, விவரம் தெரிந்தவளாதலால், அதைத் திருப்பினாள்.

“இதை இரண்டு பேர் தைத்தார்களா?” என்று சுத்தத் தமிழில் கேட்டாள்.

அத்தை கையை நீட்டி விரிப்பை வாங்கினாள். கட்டைவிரல் பின்பக்கத்தில் மெதுவாக நடந்து, ஒரு முடிச்சில் நின்றது. இன்னொரு முடிச்சில் நின்றது. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அத்தையின் முகம் எப்படியோ ஆயிற்று. அவள் கோபித்தும் பார்த்திருக்கிறேன், சிரித்தும் பார்த்திருக்கிறேன். இது இரண்டும் இல்லை.

“ஆமாம்மா, ரெண்டு பேருதான்” என்றாள். “புதுசா ஒரு பிள்ள கத்துக்கிட்டிருக்கு. கை நல்ல கை. முடிச்சுதான் இன்னும் விடல.”

மதாம்மா சந்தோஷமாக விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டாள். வகுப்புக்குத் துணி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வரிசையில் நின்றவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். புதுப்பிள்ளை என்று ஒருத்தியும் இல்லை.

அத்தைக்கு அப்போதே கண் நரம்பு வற்றிக்கொண்டிருந்தது என்பதும், மதுரை டாக்டர் கைவிரித்துவிட்டார் என்பதும், அதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை என்பதும், சொல்லாமலே ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயங்கள். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அத்தைக்குப் பேயைத் தெரிந்திருக்கிறது, அதை வகுப்பிலும் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் அத்தை முதல் பாடத்தை மறுபடி எடுத்தாள். எல்லாருக்கும் மனப்பாடமான பாடம். எங்கள் பக்கம் திரும்பாமல் பலகைத் தடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வழக்கத்தைவிட உரக்கச் சொன்னாள்.

“முடிச்சுப் போடக்கூடாது. நூல் முனைய பின்னால ஒரு வெரக்கடை விட்டு, அது மேலயே தச்சு அமுக்கிறணும். வெரசா செய்ய வேண்டாம். கை சொரசொரன்னு இருந்தா ராவுல தேங்காயெண்ண தடவிக்கிடணும். நூலு சிக்காது.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் பூண்டு உதிர்க்கும் சத்தம் நின்றுபோயிற்று. அத்தை அதே பாடத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை, இன்னும் நிதானமாகச் சொன்னாள்.

அத்தைக்கும் தடுப்புக்கும் நடுவில் நான் உட்காரும் மணை கிடந்தது. பாடம் கேட்கும் துரைசானிக்கு மறைக்கக்கூடாதே என்று அதைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.