வலது இறக்கையின் கரும்பொட்டு

சமயநல்லூர் பள்ளிக்கூடத்தில் நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது மில் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். "வாத்தியாரே, ஆசாரியாரு போயிட்டாரு. காலையில காப்பியக் குடிச்சிட்டுச் சாஞ்சவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். மதுரையில் மில் பட்டறையில் வேலை பார்த்த வீரபத்திர ஆசாரியாரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அன்று அவர் வீட்டு வாசலில் அவர் கதைகளைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தவர்கள் நாம்.

எங்கள் சிநேகம் யுத்த காலத்தில் உண்டானது. குண்டு விழுமென்ற பயத்தில், எதிரி விமானம் வருகிறதா என்று கண்காணிக்க ஊருக்கு ஊர் வார்டன்களைச் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து வார்டன்களுக்குப் பாடம் சொல்வது என் பொறுப்பு. எதிரி விமானத்தின் படம் ஒன்று வந்தது. படத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆசாரியாரிடம் கொண்டுபோனேன். "ஆறடிக்கு ஒரு அங்குலம்னு வச்சுச் செஞ்சிருவோம்" என்றார்.

மூன்று மாதம் ஆயிற்று. கல்யாண முருங்கைக் கட்டையில் உடல், தகரத்தில் விசிறிகள், சன்னலுக்குப் பழைய பிலிம் துண்டு. மேலே பச்சை, அடியில் சாம்பல். அந்தச் சாம்பல் நிறத்தை ஏழு முறை சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். ஒருநாள் போனால், விமானத்தை உத்தரத்தில் நூலில் கட்டிவிட்டு, மனிதர் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார். "கீழ இருந்து பாக்குறவனுக்குத்தானே வாத்தியாரே இது" என்றார். நானும் பக்கத்தில் படுத்தேன். எங்கள் இருவரையும் பார்த்து அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சி அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வார்டன்கள் இதை வைத்துச் சரியாக அடையாளம் சொன்னால், ஜில்லா முழுக்க இதே மாதிரி செய்யச் சொல்கிறேன். இல்லாவிட்டால் உங்கள் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கட்டும்" என்றார். ஆசாரியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அப்படி ஒரு ஆசையை அவர் முகத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை.

வார்டன்களில் முதலில் எழுந்தவர் அலங்காநல்லூரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி மாயாண்டி. "ரொம்பச் சுளுவுங்க. வலது றெக்கைக்கு அடியில கரும்பொட்டு இருக்கும்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதிகாரி படத்தைப் பார்த்தார். அதில் பொட்டு இல்லை. ஒரு வாரமாகக் கரும்பலகையில் 'நான்காம் அடையாளம்: கரும்பொட்டு' என்று எழுதிப் போட்டவன் நான்தான். படத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கூசாமல் சாதித்தேன்.

ஆசாரியார் முன்னால் வந்தார். "வாத்தியாரு மேல தப்பில்லைங்க. அது நான் வச்ச திருஷ்டிப் பொட்டு."

"எதிரி விமானத்துக்கா திருஷ்டிப் பொட்டு?"

"எதிரியோடது வானத்துல பறக்குதுங்க. இது நான் செஞ்சதுல்ல? பொட்டு இல்லாம எந்த வேலையும் என் கையைவிட்டுப் போனதில்ல."

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. "நிஜ விமானம் வரும்போது மாயாண்டி அண்ணாந்து பொட்டைத் தேடிக்கொண்டு நிற்பாரே, ஆசாரியாரே" என்றார் மெதுவாக.

ஆசாரியார் மாயாண்டியைப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணி கேட்டு வாங்கி, தாமே பொட்டைத் துடைத்தார். விரலில் ஒட்டிய கருப்பைத் தம் கன்னத்தில் தடவிக்கொண்டு, "திருஷ்டி எம்மேல படட்டும். அம்புட்டுத்தானே" என்றார். வகுப்பே சிரித்தது. மாயாண்டிதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அந்த வருஷம் ஆசாரியார் பதினோரு விமானங்கள் செய்தார்.

ரோசம் இல்லாத மனிதர் அல்லர் அவர். ஆனால் தப்பு என்று தெரிந்தபின் அதற்காக வாதாட ஒரு நிமிஷத்தையும் வீணாக்கமாட்டார். நான் நேர்மாறு, படத்தையே குறை சொன்னவன் அல்லவா? அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள விரும்புவது அந்த ஒரு குணத்தைத்தான்.

இதை எழுதி முடித்து அவர் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிங்க. பொட்டு இடது றெக்கையில இல்ல, வலது றெக்கையில" என்றார். இடது என்றுதான் எனக்கு நன்றாக நினைவு. சத்தியம்கூடச் செய்வேன். வாயைத் திறந்தேன். பிறகு பேனாவை எடுத்து, தலைப்பிலிருந்து தொடங்கி எல்லா இடத்திலும் இடதை வலதாகத் திருத்திவிட்டேன்.