திங்கட்கிழமை அணையும் விளக்கு

நான் ஓட்டுவது டிரெய்லர். ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், கண்டெய்னர் ஏற்றிப் போவேன், வருவேன். வண்டி முதலாளியுடையது. வாங்கிய நாளிலிருந்து என் கையில்தான் இருக்கிறது. வேறு ஆள் அதை ஓட்டியதில்லை.

போன வருசம் அதில் ஒரு கோளாறு வந்தது. டேஷ்போர்டு விளக்கு அணைந்துபோகும். திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினால் ஒரு மீட்டரும் தெரியாது. வேகம் தெரியாவிட்டால் போகிறது. காற்றில் பிடிக்கிற பிரேக்குக்கு ஏர் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் லோடோடு போக முடியாது. ஓரங்கட்டி நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் போவேன். லோடு பிந்தும். வாரப் பாதியில் விளக்கு தானாக எரியும். பல்பு மாற்றினேன், பியூஸ் மாற்றினேன். அடுத்த திங்கள் மறுபடி இருட்டு.

ஞாயிறு வண்டி மாப்பிள்ளையூரணியில் என் வீட்டுப் பக்கம் நிற்கும். முதலாளிக்கு அதில்தான் சந்தேகம். பாட்டு செட்டு, கலர் லைட்டு என்று எதையோ மாட்டி நான் ஒயரைக் கெடுக்கிறேன் என்று நினைத்தார். நான் ஒன்றும் மாட்டவில்லை. சொன்னேன். நம்பவில்லை.

"இன்னைக்குப் பாத்துருவோம்லே. இதுக்குமேல அணைஞ்சா சாவிய வேற ஆளுட்ட குடுத்துருவேன்" என்றார்.

அவரே ஒரு எலக்ட்ரீசியனிடம் கூட்டிப் போனார். காயல்பட்டினத்துக்காரர். சவுதியில் வண்டி வேலை பார்த்துவிட்டு வந்து பைபாஸ் ஓரம் கடை போட்டிருக்கிறார். எல்லோரும் அவரைக் காக்கா என்பார்கள். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது.

அன்று திங்கள், நல்ல மத்தியானம். அந்த வெயிலில் டேஷ்போர்டு எரிகிறதா என்றே தெரியாது. காக்கா கடைத் தார்ப்பாயை எடுத்துக் கேபின் மேல் போர்த்தினார். உள்ளே இருட்டு. அடுப்புக்குள் இருப்பது போல் சூடு. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து சுவிட்சைப் போட்டார். டேஷ்போர்டு எரியவில்லை. கேபின் கூரையில் இருக்கும் மேல் விளக்கும் எரியவில்லை. அதை நான் கவனித்ததே இல்லை.

"ரெண்டும் ஒண்ணாப் போவுதுன்னா பல்ப விட்டுருவோம். ரெண்டுக்கும் எர்த் ஒண்ணுதான்" என்றார்.

எத்தனையோ பேர் வேலை செய்து பார்த்திருக்கிறேன். ஒயரை வெட்டத்தான் முதலில் கை போகும். இவர் கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வண்டிய என்னவே செய்வீரு?"

"கழுவுவேன்."

"உள்ளேயுமா?"

"உள்ளேயும்."

"எந்தத் தண்ணி?"

"வீட்டு போர் தண்ணி."

"அத நீரு குடிப்பீரா?"

"ஒரே உப்பு. வாயில வைக்க முடியாது."

"நீரு குடிக்காத தண்ணிய அது மட்டும் குடிக்கணுமோ?"

கால் மிதியை நீக்கினார். அடியில் இன்னும் ஈரம். பக்கவாட்டில் ஒயர் சேருகிற சாக்கெட் ஒன்று, பச்சை பூத்துக் கிடந்தது. எர்த் ஒயரை போல்ட்டு போட்டுப் பிடித்திருந்த இடமும் அப்படியே. ஞாயிறு நனையும், திங்கள் விளக்கு சாகும், காய்ந்தால் பிழைக்கும். அவ்வளவுதான் விசயம். ஒரு தூசி நிற்கவிடாமல் வைத்திருந்தேன். அந்தக் கழுவல்தான் ஒயரைத் தின்றிருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. கெட்டுப்போன ஒயரை மட்டும் வெட்டினார். எர்த் பிடிக்கும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். புது சாக்கெட் போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டினார். கிரீஸ் தடவினார். ஒரு ஒயர்கூடத் தொங்கவில்லை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிறகு முதலாளியைக் கூப்பிட்டார். பாட்டு செட்டு மாட்டிய தடம் எங்கும் இல்லை, போர் தண்ணீரில் கழுவியதுதான் காரணம் என்று இரண்டையும் சொன்னார். என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வண்டி கேன்ல அந்த போர் தண்ணி இருக்காவே? உள்ள ஊத்தும்."

இப்போதுதானே சரி செய்தீர்கள் என்று முதலாளி தடுத்தார். காக்கா கேட்கவில்லை. நான் ஊற்றினேன், ஞாயிற்றுக்கிழமை ஊற்றுகிற மாதிரியே. மூவரும் டீ குடித்தோம். தண்ணீர் நன்றாக ஊறட்டும் என்று காக்கா உட்கார்ந்திருந்தார்.

தார்ப்பாய்க்குள் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். முதலாளியையே சுவிட்சைப் போடச் சொன்னார் காக்கா. போட்டார். எல்லா மீட்டரும் எரிந்தது. மேல் விளக்கும் எரிந்தது. மூன்று பேருக்கும் முகமெல்லாம் வேர்வை. காலடியில் தண்ணீர் நின்றது.

முதலாளி கொஞ்ச நேரம் ஏர் மீட்டரையே பார்த்தார். பிறகு சாவியை உருவி என்னிடம் நீட்டினார்.

"இனி தொடச்சாப் போதும்லே" என்றார்.