பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டர்

பெரியம்மா யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். முதன்முறை சந்திக்கிறவர்களுக்குப் பல்லில் கீரை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று கூச்சமாகிவிடும். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்துப்போட்டு நான் தரையில் உட்கார்ந்திருந்த முதல் நாளை நினைத்தால், எதிரே குத்தவைத்து உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம்தான் முதலில் வருகிறது. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

குமாரபாளையத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. எங்கள் தெருவில் மூத்தவர்கள் எல்லாருமே பெரியப்பா, பெரியம்மாதான். வீட்டை ஒட்டினாற்போலவே தறிக்கூடம். துண்டு நெய்யும் விசைத்தறிகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் நின்றவருக்கு, மகள் பெரியவளாகும் முன்பே காது முழுக்கப் போய்விட்டது. எங்கள் ஊரில் இதை யாரும் பெரிய சேதியாகச் சொல்வதில்லை. தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்பதால், தறிக்கூடத்தில் எல்லாரும் வாயசைவில்தான் பேசுவார்கள். நூல் அறுந்ததும், டீ வந்ததும், அடுத்த வீட்டுப் புறணியும் எல்லாம் உதட்டிலேயே நடக்கும். அதனால் காது போனாலும் பெரியம்மாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் மட்டும் முதுகில் ஒன்று வைப்பார்.

அந்தப் பெரியப்பாவும் நெஞ்சில் பஞ்சு அடைத்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் கனடாவில் வேலையில் இருந்தாள். அப்பாவின் காரியம் முடிந்து கிளம்பும் முன் அவள் வாங்கி வைத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கம்ப்யூட்டர். செல்போனில் அவள் வாய் கடுகளவுதான் தெரியும் என்று தேடிப்பிடித்துப் பெரிய திரையாக வாங்கியிருந்தாள். ஞாயிறு காலையில் இருவரும் பேசுவார்கள். பெரியம்மாவுக்கு அந்த வாரத்தில் மீதி நாளெல்லாம் தறியும் சோறும் தூக்கமும்தான்.

ரிப்பேர் பார்க்கப் போன ஒருநாள் மகள் திரையில் வந்தாள். வாய் அசைகிறது, சத்தமே வரவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நான் ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகி, செட்டிங்ஸையெல்லாம் குடைந்துகொண்டிருந்தேன். பெரியம்மா என் முழங்கையைத் தட்டிச் சிரித்தார். “அவ சத்தம் போடலீங் கண்ணு. எங்கூடப் பேசறதுக்குச் சத்தம் எதுக்கு?” என்றார். கனடாவில் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் தறிக்கூடத்துப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதையே அடையாளம் தெரியாமல் ஸ்பீக்கரை நோண்டினேனே என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிக்கல் ஸ்பீக்கரில் இல்லை. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் படம் மெதுவாகும், மகளின் உதடு இழுத்துக்கொண்டு அசையும், அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுவிடும். மவுஸ்கூட நகராது. சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். மற்றவர்கள் என்றால் போனில் கூப்பிட்டு மீதியைப் பேசிக்கொள்ளலாம். எழுதிக் காட்டலாம் என்றால் பெரியம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். அவருக்குப் படம் நின்றால் மகள் வாயை மூடிக்கொண்டாள் என்றுதான் கணக்கு.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்குரூ டிரைவர் எதற்கு என்று கேட்டவர்களெல்லாம் இன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். ஆயுத பூஜைக்குக் காற்றுப் போகும் ஓட்டையில் சந்தனத்தை அப்பியவரையும் பார்த்திருக்கிறேன், பெட்டிக்குள் பல்லி குடும்பம் நடத்தியதையும் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவின் பெட்டி மட்டும் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினேன். மெமரியை மாற்றினேன். கரண்ட் குறைகிறதோ என்று அளந்து பார்த்தேன். கடைக்குக் கொண்டுவந்தால் நாள் முழுக்க ஓடியது. சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஓடியது. நான் வாசல் தாண்டினால் மறுபடி நின்றது. மாமியார் முன்னால் அடக்கஒடுக்கமாக இருக்கும் புது மருமகள்கூட இப்படி ஏமாற்ற மாட்டாள்.

இதற்கிடையில் மகள் எனக்குப் போன் செய்தாள். “அக்கா, பாதிச் சொல்லுல நின்னுபோயிருதுங்க. அவங்களுக்கும் அழுகை வருது, எனக்கும் எரிச்சல் வந்து கத்திப்போடறேன். கம்ப்யூட்டர் சரியாகற வரைக்கும் பேசாமயே உட்டுரலாமான்னு இருக்குதுங்க” என்றாள். அவள் மேல் தப்பில்லை. வேலைக்குப் போய் வந்த அலுப்பில் ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்வாள்? ஆனால் இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு வாரம் விட்டுப்போகும், பிறகு ஒரு மாதம் விட்டுப்போகும். அப்புறம் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் மட்டும் என்று ஆகும். அப்படி அறுந்துபோன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

அந்த ஞாயிறு கறி எடுக்கப் போனவள், கடையில் கூட்டமாக இருந்ததால், சொல்லாமல் கொள்ளாமல் பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்தேன். கதவைத் தட்டிப் பயனில்லை என்பதால் பகலில் அந்த வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும். எனக்கு முதுகு காட்டித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் மகள் பாதி திறந்த வாயோடு அசையாமல் நின்றிருந்தாள். பெரியம்மா அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு, “ம்ம், சொல்லு சாமி. அப்புறம்?” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “சொல்லு சாமி” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தேன். அவர் தறியில் ஓடிய கெட்டித் துண்டு ஒன்றை அதன் மேல் இறுக்கமாகச் சுற்றி, அவிழாமல் நூலால் கட்டியிருந்தார். ஒரு ஓட்டைகூட வெளியே தெரியவில்லை. கை வைத்தேன், இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டது. உள்ளே சூடு ஏறி ஏறி, தாங்க முடியாமல் அது நின்றுபோயிருக்கிறது. இதற்காகவா நான் மெமரியை மாற்றினேன் என்று தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

தோளைத் தொட்டுத் திருப்பி, இது எதற்கு என்று கேட்டேன். நான் வருகிறேன் என்று சொன்னால் அவிழ்த்து ஒளித்துவிடுவாராம். “ஊட்டுக்கு வர்ற புள்ளைக்கு முன்னால இந்த அழுக்குத் துண்டோடயா வெக்கறது?” என்றார். அப்புறம், கேட்காமலேயே, மீதியையும் சொன்னார். “இந்த ஊட்டுல பஞ்சு பறக்காத எடமில்லீங் கண்ணு. அவுருக்கு நெஞ்சுல அடைச்ச மாதிரி இதுக்கும் அடைச்சுப்போட்டா, அப்பறம் எம்புள்ளைய நான் எதுல பாக்கறது? அவுருதான் சொன்ன பேச்சுக் கேக்காமப் போய்ட்டாரு. இதுவாச்சும் கேக்கட்டும்னு கட்டி வெச்சேன்.”

பஞ்சு போகாமல் பெரியப்பா ஏன் மூக்கில் துண்டு கட்டவில்லை என்று கேட்டுவைத்தேன்.

பெரியம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மூக்கும் வாயும் சேத்து மூடிக் கட்டோணும்னு டாக்டர் சொன்னாருங் கண்ணு. கட்டிப் பாத்தாரு. கொஞ்ச நாள்லயே அவுத்து வீசிட்டாரு. நான் புடிச்ச சண்டைக்கு அளவில்ல. ‘இதைக் கட்டிக்கிட்டா நான் பேசறது உனக்கு எப்படிப் புள்ள தெரியும்’னாரு.” குறைசொல்கிற குரலாக அது இல்லை. பெருமைப்படுகிற குரலாகவும் இல்லை. சந்தைக்குப் போனதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினார்.

இதற்கு மேல் நான் சொல்லியாக வேண்டும். அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சத்தமில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மூடிவைத்தால் இதற்குக் காற்று இல்லை, காற்று இல்லாததால்தான் உங்கள் மகள் பாதியில் நின்றுபோகிறாள், திறந்து இருந்தால்தான் அவள் பேசுவாள். பெரியம்மா என் வாயை வெகுநேரம் பார்த்தார். “பஞ்சு போகுமே?” என்றார். போகும், நான் மாதா மாதம் வந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். “மனுசனுக்கு அப்படித் தொறந்து எடுக்க முடியலியே சாமி” என்று சொல்லிக்கொண்டே, குனிந்து அவரே நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பெட்டியைத் திறந்து, உள்ளே சேர்ந்திருந்த பஞ்சை எடுத்து, சூடு ஆறவிட்டுப் போட்டேன். மகள் மறுபடி வந்தாள். கனடாவில் நேரமாகிவிட்டிருந்தும் தூங்கப் போகாமல் காத்திருந்தாள். நடந்ததை அவளுக்கு நான்தான் சொன்னேன், அப்பா துண்டை அவிழ்த்த காரணம் உட்பட. அது அவளுக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் படம் அசையவில்லை. மறுபடி நின்றுவிட்டதோ என்று நான் மவுஸைத் தொட்டேன். அவள்தான் அசையாமல் இருந்திருக்கிறாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் அம்மாவிடம் ஒரு சேதி சொன்னாள். இனிமேல் தறிக்குப் போகும்போது நீங்களாவது துண்டு கட்டிக்கொள்ளுங்கள் என்று.

நான் பெரியம்மா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மடியில் கிடந்த துண்டை உதறி, மூக்கோடு வாயைச் சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டு, கீழே இறக்கினார்.

“கட்டிக்கறன் சாமி. இனி அங்க நான் யாருகூடப் பேசப்போறன்?”

மாதம் ஒருமுறை இப்போதும் போகிறேன். பெட்டி நன்றாக ஓடுகிறது. மகளும் வாரம் தவறாமல் பேசுகிறாள். தறிக்கூட வாசலில் நின்றால் பெரியம்மாவின் கண்கள் மட்டும் தெரியும். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வருவார். சத்தம் அடங்கிய பிறகு அவர் துண்டுக்குள்ளிருந்து பேசினாலும் எனக்கு நன்றாகக் கேட்கும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத்தான், “வா சாமி” என்பார்.