ஊரடங்கு நாளில் ஒரு பெட்டரி

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இனிப் பயமில்லை என்று தமிழர்களான நாங்களும் நம்பத் தொடங்கியிருந்தோம். அப்போதுதான் கண்டிக்கு அப்பால் ஒரு டவுனில் சிங்களக் கும்பலொன்று முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்தது.

ஹந்தானை மலையடிவாரத்தில் எங்கள் வீடு. என் கணவர் பின்னேரங்களில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் வடை விற்பார். வண்டி விளக்குக்காக ஒரு சோலார் தகடும், லித்தியம் பெட்டரியும் இன்வேர்ட்டரும் வைத்த ஒரு பெட்டியும் வாங்கியிருந்தார். முதல் பெட்டரியை முழுதாக வடியவிட்டு, அப்படியே மூலையில் போட்டுக் கெடுத்துவிட்டார். அதனால் புதியதில், சார்ஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சின்னக் கருவியைப் பூட்டியிருந்தார்.

ஊரடங்கு போட்ட மறுநாள் கரண்டும் நின்றது. காலையிலிருந்தே மழை. அடுத்த வீட்டு முஸ்லிம் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு பின்வேலி வழியாக வந்தாள். அவளுடைய கணவருக்கு அந்த டவுனில்தான் துணிக்கடை. கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. மகளுக்கு ஆஸ்துமா.

"அக்கா, புள்ளைக்கு இழுக்குது. உங்கட பெட்டியில இந்த மெஷின ஓட்டேலுமா?"

மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் மெஷின் அது. என் கணவர் அதைப் பெட்டியில் செருகினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சு சீராகி, அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். பொழுது சாயும்போது இழுப்பு மறுபடியும் வந்தது. இந்த முறை மருந்து பாதி இருக்கும்போதே பெட்டி 'கீ' என்று கத்தி நின்றுவிட்டது.

"அண்ணன், உள்ளுக்குக் கொஞ்சம் இருக்கும்தானே? வயர நேராக் குடுங்களேன்."

கணவர் ஸ்குரூ ட்ரைவரைக் கையில் எடுத்துவிட்டார். அந்தக் கருவியைக் கழற்றினால் மெஷின் இன்னும் சற்று ஓடும். அவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். கீழே பாதையை மறித்துக்கொண்டு ஆட்கள் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியை நினைக்கவே முடியாது.

"இப்ப அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சிட்டோம்னா, நாளைக்கு வெயில் அடிச்சாலும் இது ஏறாது தங்கச்சி," என்றார். "ஏத்தப் போனா நெருப்புப் பிடிச்சாலும் பிடிக்கும். அப்புறம் நாளைக்கு இழுத்தா என்ன செய்வோம்?"

அவள் இடுப்பில் செருகியிருந்த, இழுப்புக்கு வாயில் அடிக்கும் கைப்பம்பை எடுத்தாள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, கைப்பம்பிலிருந்த மருந்தை அடித்தோம். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். நாங்கள் செய்தது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது மோட்டார் சைக்கிள்கள் மேலேறி வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று வந்தன. கணவர் வெளியே போய்க் கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினார். இது யார் வீடு என்று சிங்களத்தில் ஒருவன் கேட்டான். எங்கள் வீடு என்றார். பக்கத்து வீடு? அங்கே ஆளில்லை என்றார். வீட்டுக்குள் பிள்ளையின் மூச்சு விசில் போல ஒலித்தது. தாய் அவள் முகத்தைத் தன் முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பிறகு வண்டிகள் போய்விட்டன. கணவர் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

மறுநாள் மழை விட்டது. கூரையில் வைத்தால் பாதைக்குத் தெரியும் என்று, தகட்டைக் குசினிக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். மூடுபனி விலக நேரமாயிற்று. பிள்ளையின் உதடுகள் வெளிறிக் கிடந்தன. மத்தியானம் அளவில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மெஷினைப் போட்டோம். அது ஓடிய சத்தத்துக்கு நடுவில்தான் தாய் முதல் தடவையாக அழுதாள்.

பிறகு அவளுடைய போனைச் சார்ஜில் போட்டோம். பின்னேரம் அவள் கணவரின் அழைப்பு வந்தது. ஒரு சிங்கள நண்பர் அவரைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருந்தாராம். கடை முழுக்கச் சாம்பல்.

ஊரடங்கு எடுத்ததும் அவர் வந்து சேர்ந்தார். உடைந்த கண்ணாடியை மாற்றினார்கள். ஆனால் சில மாதங்களில் வீட்டை விற்கப் பேசினார்கள்.

"அவனுகளுக்கு எங்கட வீடு இப்ப தெரியும்தானே, அக்கா," என்றாள்.

போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன உறுதி கொடுத்துச் சொல்வது? சாமான்களைக் கட்ட உதவினேன்.